தொழிற்சங்க வேட்பாளரும் தொழிலாளர் வாக்கும்

1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தேர்தலில் பொப்பிலித் தொகுதியில் நின்ற வி.வி. கிரி, ரயில்வே தொழிலாளர் சங்கங்களைக் கட்டி வளர்த்தவர். அவரை எதிர்த்தவர் நீதிக்கட்சித் தலைவரும் மாகாண முதலமைச்சராக இருந்தவருமான பொப்பிலி அரசர். தம் ஜமீன் மண்ணிலேயே அரசர் தோற்றார். கிரி, ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார்.

அன்றைய சட்டசபையின் 215 இடங்களில் 6 இடங்கள் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. நிலச்சுவான்தார்களுக்கும் வணிகர்களுக்கும் தலா 6 இடங்கள் இருந்தன. குடியரசு இந்தத் தனி இடங்களை நீக்கியது; அது சரியான முடிவே. அதன்பின் சங்கத் தலைவர் எவராயினும் பெட்டிக்கடைக்காரரிடமும் விவசாயியிடமும் வாக்குக் கேட்டுத்தான் சட்டமன்றத்துக்குள் நுழைய முடியும்.

சங்கத் தலைவர் தேர்தலில் நிற்பது சங்கத்தை அரசியலாக்கிவிடும் என்ற ஆட்சேபம் பழையது. தொழிலாளர் நலன் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கும்வரை இந்த ஆட்சேபம் நிற்காது. 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டமும், கடை ஊழியருக்கு உட்காரும் உரிமை தந்த 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் தமிழகச் சட்டமன்றம் இயற்றியவை. ஒருவரின் வேலைநேரத்தைத் தீர்மானிக்கும் அவையில் அந்த வேலையை அறிந்தவர் இருக்கக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் அதே அவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தும் அது தடைபடவில்லை. வெளியே தொழிற்சங்கங்கள் திரண்டு எதிர்த்த பிறகே, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தெருவில் நின்று ஒரு மசோதாவைத் தடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பாதுகாப்புத் தரும் மசோதாவைத் தெருவில் நின்று எழுத முடியாது. அதற்கு உறுப்பினர்கள் வேண்டும்.

ஆனால், வாக்கு எங்கே இருக்கிறது? 1952இல் சூளைத் தொகுதியில் வென்ற எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை இலங்கைத் தமிழர். பின்னி ஆலைத் தொழிலாளரின் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர். அதே தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா வென்றார். அன்றைய வடசென்னையில் ஆலையும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருந்தன. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர் அந்தத் தொகுதியின் வாக்காளர். வேலைநிறுத்தக் காலத்தில் அவர் குடும்பத்துக்குக் கடன் கொடுத்த மளிகைக்காரரும் அங்கேயே வாக்களித்தார். ஆலைப் பிரச்சினை அந்தப் பேட்டையின் பிரச்சினையாகவும் இருந்தது.

இன்றைய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்த இணைப்பு அறுந்துகிடக்கிறது. தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேறு மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் சொந்த ஊரில் இருக்கிறது, அல்லது எங்கும் இல்லை. 2024இல் இந்த வட்டாரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்தான். இத்தகைய ஊரில் ஆலைக் கூட்டத்தை மட்டும் நம்பி ஒரு சங்கத் தலைவர் வேட்புமனு தாக்கல் செய்தால், தம்மோடு நின்றவர்களின் வாக்கே தமக்கு இல்லை என்பதை வாக்கு எண்ணும் நாளில்தான் அறிவார்.

வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகை அறை அதற்குத் தடையில்லை. முகவரிச் சான்று தர வீட்டு உரிமையாளர் தயங்குவதும் அடிக்கடி அறை மாறுவதும்தான் சிக்கல். இதைத் தீர்க்கும் வேலை சங்கத்தினுடையது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், அரசியல் பணிகளுக்கெனத் தனி நிதி திரட்ட அனுமதித்து, அதிலிருந்து செலவிடத்தக்கவற்றுள் வேட்பாளரின் தேர்தல் செலவோடு வாக்காளர் பதிவையும் சேர்த்திருந்தது. அந்த நிதிக்குப் பணம் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதன் உயிர்நாடி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் தனி நிதியையும் நிபந்தனையையும் தக்கவைத்திருக்கிறது. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சியின் கருணையையும் முதலாளியின் நன்கொடையையும் எதிர்பார்க்காமல் ஒருவர் நிற்க வேண்டுமானால், விரும்பித் தரப்பட்டு, கணக்குக் காட்டப்படும் இந்தச் சிறு தொகைகளே வழி. சங்கங்கள் இதைப் பயன்படுத்தத் தயங்குவது வருத்தத்துக்குரியது.

வென்ற பிறகு வரும் கேள்வி கடினமானது. 1954இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்த கிரி, வங்கி ஊழியருக்கான தீர்ப்பை அரசு திருத்தியதை ஏற்காமல் பதவி விலகினார். எல்லாரிடமும் அந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. ஆளுங்கட்சிக் கொறடா ஒருபுறமும் வேலைநிறுத்த நோட்டீஸ் மறுபுறமும் இழுக்கும்போது சட்டமன்ற உறுப்பினர் எந்தப் பக்கம் நிற்பார் என்று தொழிலாளி கேட்பது நியாயமே. தொழிற்சங்கச் சட்டத்தின் 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அமைச்சர்கள் சங்க நிர்வாகிகளாக இருப்பதைத் தடுத்தது. சட்டமன்ற உறுப்பினர்களை அது தொடவில்லை. சட்டம் விட்ட இடத்தைச் சங்கத்தின் விதிகளே நிரப்பலாம்: வென்றவர் குறித்த காலத்துக்குள் தலைமைப் பொறுப்பை, அந்த ஆலையில் வேலை செய்யும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியை வேட்புமனு தாக்கலுக்கு முன்பே பொதுக்குழு நிறைவேற்றிவிட வேண்டும்.