கோப்பையோடு கடை மூடிய கிளப்

ஜெர்சிக்கு நம்பர் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். அபர்தீன் பஜாரில் அப்பா தொடங்கிய விளையாட்டுச் சாமான் கடை. அரசுக் காகிதத்தில் இப்போது ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பஜாரில் இன்னும் போர்ட் பிளேர்தான். டோர்னமென்ட் சீசன் வந்தால் ஹாடோ, டெலனிபூர், ஜங்லிகாட், கராச்சரமா என்று எல்லாப் பக்கத்துப் பையன்களும் கடை வாசலில் நிற்பார்கள். யார் காசு கொடுக்கிறார் என்று பார்த்தாலே அந்த டீம் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு வகை டீம், ஆளுக்குக் கொஞ்சமாக வசூல் பண்ணிக் கசங்கிய நோட்டாகக் கொண்டுவரும். நோட்டுப் புத்தகத் தாளில் பெயர்ப் பட்டியல் இருக்கும். பத்தாம் நம்பர் யாருக்கு என்று என் கல்லா முன்னாலேயே சண்டை நடக்கும். இரண்டு பேர் பாக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா காலத்திலிருந்து இன்றுவரை தொடர்ந்து வருவது இந்த மாதிரி டீம்கள்தான். இன்னொரு வகைக்கு ஒரு அண்ணன் காரில் வந்து இறங்குவார். ட்ராக் சூட், பை, கீப்பர் கிளவுஸ் எல்லாம் ஒரே பில். நெஞ்சில் அவர் வியாபாரத்தின் பெயர் பெரிதாக வர வேண்டும். பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும், எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அடுத்த சீசனில் அந்தப் பையன்கள் வேறு டீமின் ஜெர்சிக்கு அளவு கொடுக்க வருவார்கள்.

இப்போது இங்கே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அந்தமானுக்கென்று ஒரு தொழில்முறை ஃபுட்பால் கிளப் வேண்டும், மெயின்லேண்டில் ஏதாவது பெரிய கம்பெனியைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். கிளப் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். கம்பெனியைப் பிடிக்கப் போகிறவர்கள் மட்டும், டிக்கெட் போடும் முன் சென்னை சிட்டி எஃப்சியின் கதையை ஒருமுறை கேட்டுவிடட்டும்.

1946இல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கியது அது. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் சும்மா இல்லை. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றிய ஜிம்கானா மைதானம்தான் இன்றைய நேதாஜி ஸ்டேடியம். நான் பந்து தொட்டுப் பழகியதும் அங்கேதான். அந்தச் சென்னை கிளப் பல காலம் உள்ளூர் லீகில் ஆடிவிட்டு, புதுப் பெயரோடு 2016-17 பருவத்தில் தேசிய லீகான ஐ-லீகுக்குள் நேரடியாக நுழைந்தது. முதல் இரண்டு பருவமும் பட்டியலின் கீழ்ப்பாதி. ஆனாலும் அந்த நாட்களிலேயே இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் போன்ற கடற்கரைப் பையன்களை நாடு பார்த்தது அந்தச் சட்டையில்தான். அவர் 2018இல் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்.

அப்புறம் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி வந்தார். 2018 அக்டோபரில் இந்தியன் ஆரோஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மான்சி மூன்று கோல். அந்தப் பருவத்தில் மொத்தம் 21 அடித்தார். எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் சுற்றி நின்று ஆடினார்கள்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடுகிறது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் என் மச்சான் உட்கார்ந்திருந்தான். கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில்தான் எங்களுக்கு வந்தது. அதுவரை போனில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் மச்சானின் குரல்தான் எனக்கு நேரலை. மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. “மாமா, போச்சு” என்று போனை வைத்துவிட்டான். இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தபோது அவனே கூப்பிட்டான். அதன்பின் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது, ஆனால் அவர்கள் கணக்கு 42 புள்ளி, இவர்கள் 43. தேசிய லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. மச்சான் கத்திய கத்தலில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

அந்தப் பட்டத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கதையின் கசப்பான பாதி. அதே 2019இல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறப் படி இல்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது, நம்பிக்கை வந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம், பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1. அந்த ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். மார்ச்சில் மாலத்தீவின் மாசியாவோடு ஏஎஃப்சி கோப்பையில் 2-2, அதுவும் அகமதாபாத்தில். மான்சி ஜப்பான் போய்விட்டார். கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020-21 பருவம் முழுக்கக் கொல்கத்தா பக்கமே நடந்தது; சென்னை சிட்டி கடைசி இடங்களில் தள்ளாடியது. 2021-22 பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அன்று கடைசி நாளில் தோற்ற மினர்வா கை மாறிப் பஞ்சாப் எஃப்சி ஆகி, 2022-23 ஐ-லீகை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறியது. படி அப்போதுதான் திறந்தது. நாலு வருஷம் முன்னால் திறந்திருந்தால் அதில் முதலில் ஏறியிருக்க வேண்டியது கோயம்புத்தூரில் ஜெயித்தவர்கள்.

ஆகவே இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பின் மேலும் பழி உண்டு, சந்தேகமே இல்லை. என் கேள்வி வேறு. ஒரு தேசியச் சாம்பியன் இரண்டே வருஷத்தில் இல்லாமல் போனபோது தெருவில் இறங்க ஏன் யாருமில்லை? பெயரில் சென்னை, ஆடியது ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோயம்புத்தூரில், ஆசியப் போட்டிக்கு வீடு அகமதாபாத். சென்னைக்காரருக்கு ஐஎஸ்எல்லில் ஆடிய சென்னையின் எஃப்சி என்ற வேறு கிளப் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஸ்டேடியத்துக்கு வந்து கைதட்டினார், பாவம், ஆனால் எது முடிவானாலும் அவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

பிரான்சில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. எவியான் தோனோன் கையார் என்று மூன்று ஊர்ப் பெயர்களை ஒட்டிவைத்த கிளப். எவியான் என்றால் அந்தக் குடிநீர் பாட்டில்தான். தண்ணீர் கம்பெனியின் தாய் நிறுவனமான டனோன் பக்கத்து ஆதரவும் இருந்தது. 2011இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஆட்டமெல்லாம் அந்த மூன்று ஊரிலும் இல்லை, ஆன்சி என்ற நாலாவது ஊரில். 2013இல் பிரெஞ்சுக் கோப்பையில் பாரிஸ் செயின்ட் ஜெர்மனையே பெனால்டியில் வெளியேற்றி, இறுதியாட்டத்தில் போர்தோவிடம் 2-3 என்று தோற்றார்கள். 2015இல் ஒரு படி இறக்கம், 2016இல் இன்னொரு படி, அந்த ஆண்டே திவால். சுற்றுவட்டாரத்துச் சிறு கிளப் ஒன்றில் பெயரின் மிச்சம் ஒட்டிக்கொண்டதோடு சரி.

அதே நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் கிளப்பும் 2011இல் திவாலாகி ஐந்தாம் நிலைக்கு விழுந்தது. அந்தக் கீழ் லீகுக்கும் ஊர் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தது. 2017இல் மறுபடியும் முதல் டிவிஷன், 2019இல் லீக் கோப்பை. இரண்டு இடத்திலும் பணம் போனது. ஒரு இடத்தில் ஊர் போகவில்லை.

நம் நாட்டில் இந்தப் பட்டியல் நீளம். 1997இல் டுராண்ட் கோப்பை வென்ற எஃப்சி கொச்சின் ஐந்தே வருஷத்தில் முடிந்தது. முதல் தேசிய லீகை வென்ற ஜேசிடி, 2005-06இல் அதையே வென்ற மஹிந்திரா யுனைடெட், இரண்டையும் கம்பெனிகளே மூடின, மஹிந்திராவை 2010இல், ஜேசிடியை 2011இல். ஒரு போர்டு மீட்டிங், ஒரு கடிதம், அவ்வளவுதான். கம்பெனி நடத்தினால் கெடுதல் என்று நான் சொல்லவில்லை; வங்கி டீமும் ரயில்வே டீமும் இல்லாவிட்டால் சென்னையில் எத்தனை ஆட்டக்காரருக்கு வேலை கிடைத்திருக்கும்? கம்பெனி மட்டுமே நடத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு உதாரணம் தேடி ஐரோப்பா போக வேண்டாம். ராத்திரி கப்பல் ஏறினால் கார் நிக்கோபார். நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத் என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு அல்ல. 2004 சுனாமியில் கடலோரத்தில் இருந்த கிராமங்கள் போயின. மூஸ், மலாக்கா, பெர்கா மக்கள் உள்ளே தள்ளிப் புது வீடு போட்டுக்கொண்டார்கள். ஃபுட்பால் நிற்கவில்லை. அங்கே டீமும் கிராமத்துடையதுதான்; அதை மூட வேண்டுமானால் கிராமத்தையே மூட வேண்டும்.

ஆகவே கம்பெனியைக் கூப்பிடுகிறவர்களுக்கு என் யோசனை இது. வரட்டும், சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளட்டும். நானே ஒட்டித் தருகிறேன். கிளப்பின் பெயரும் சின்னமும் சந்தா கட்டும் உறுப்பினர் சங்கத்தின் பேரில் பதிவாக வேண்டும். ஜெர்மனியில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்றே விதி உண்டு; இங்கே கால்வாசியாவது இருக்கட்டும். ஒரு பருவத்துச் சம்பளம் முழுதும் ஆட்டம் தொடங்கும் முன்பே வங்கியில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும். சொந்த மைதானம் எது என்று எழுத்தில் வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாத ஆளை விட்டுவிட்டு, வார்டு டீம்களையே சேர்த்துச் சின்னதாகத் தொடங்குவது மேல். தேசிய லீகுக்குப் போகப் பத்து வருஷம் ஆகலாம். ஆகட்டும்.

அடுத்த சீசனுக்கான வார்டு டோர்னமென்ட் விண்ணப்பத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். “டீம் உரிமையாளர்” என்ற வரிக்குக் கீழே “சந்தா உறுப்பினர் பட்டியல் இணைக்கவும்” என்று இன்னொரு வரி சேர்க்க இப்போதே நேரம் இருக்கிறது.