நட்டதும் நின்றதும்

விழாவென்றால் மரக்கன்று நடுதல் நம்மவர் வழக்கம். நட்டவரின் படம் மலரில் வெளிவரும். நட்ட கன்றின் படம் மறு ஆண்டில் வெளிவந்ததை யான் கண்டிலேன். இச்சிறு குறை நாடளாவிப் பெருகின் யாது விளையும் என்பதற்கு நமது கண்டற்காடுகளே சான்று.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், கண்டல் கரைக்கு அரண் என்னும் எண்ணம் எங்கும் பரவிற்று. நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவரும் கண்டலை வேலியாகக் கண்டவரே; ஆகவே எண்ணம் புதிதன்று, பிழையுமன்று. பல நிறுவனங்கள் பொருள் வழங்கின. களப்புச் சேற்றில் இறங்கிப் பலரும் நட்டனர். 23 இடங்களில், 1,000 முதல் 1,200 வரையான எக்டேயர் நிலத்தில் நடுகை நிகழ்ந்தது. ருகுணுப் பல்கலைக்கழகத்தாரும் பெல்சிய நாட்டறிஞரும் அவ்விடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு யாது? நிலைத்தவை 200 முதல் 220 எக்டேயர் மாத்திரமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை.

கண்டல் எந்நேரமும் நீரில் மூழ்கி வளரும் செடியன்று. வற்றும் பெருக்கும் அதற்கு மாறிமாறி வேண்டும். அஃதறியாது தாழ்ந்த சேற்றுத் தரையில் நட்டனர். நீண்ட முளையுடைய இனத்தையே பெரும்பாலும் ஊன்றினர்; எடுத்து நடுதற்கு அது எளிது. ஊன்றியபின் மாடு மேய்ந்ததோ, பாசி மூடியதோ என்று பார்ப்பார் பல இடங்களில் இலர். பேணிய இடங்களிலே கன்றுகள் பெரிதும் பிழைத்தன.

எவ்விடத்தில் நீர் எவ்வளவு நேரம் நிற்குமென்பதை அக்களப்பில் வலைவீசும் மீனவன் அறிவான். அவனைக் கேட்டு இடந்தெரிந்தனரா, அன்றிக் கன்று சுமக்கும் கூலியாளாக அழைத்தனரா என்பதே யான் முதற்கண் வினவுவது. மக்கள் பங்களிப்பு என்னும் அழகிய சொல் இரண்டையும் ஒருங்கே மூடிவிடுகின்றது.

2015இல், சிறு மீனவர் அமைப்பாகத் தோன்றிய சுதீசவும் அமெரிக்காவின் சீக்கோலஜியும் வேறொரு வழியைத் தொடங்கின. கடலோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது. கைம்மாறாக அயலிலுள்ள கண்டலை அவர்கள் காப்பது. நிற்கும் காட்டைக் காக்க முற்பட்டமையால் இவ்வழியை யான் மேலானதென்பேன். ஆயினும் கடன் பெற்றோர் தொகையை எண்ணுதல் எளிது. அது காட்டின் அளவாகாது. கடன் தீர்ந்தபின்னும் அப்பெண் காவல் செய்கின்றாளா? காவலில்லாத அயற்கிராமத்துக் காடு என்னவாயிற்று? கண்டல் விறகையே நம்பியிருந்த ஏழைவீட்டில் இப்போது எதனை எரிக்கின்றனர்? இவற்றைக் கேளாது எழுதும் அறிக்கையை யான் மதிப்பீடென்று கொள்ளேன். பொருள் வழங்குவோர் ஐந்தாண்டு பொறுத்திரார் என்பர் சிலர். அவ்வாறாயின் எண்ணும் பணியைப் பிறர் ஏற்றல் வேண்டும்.

நம் மாணவர் ஏன் ஏற்றலாகாது? தாவரவியல் பயில்வோர் ஒரு களப்பின் கரையில் ஓரிடத்தைக் குறித்து, ஆண்டுதோறும் அதே மாதத்திற் சென்று, நிற்கும் மரங்களை எண்ணி எழுதிவரலாம். அயலவரிடம் விறகையும் மீனையும் பற்றிக் கேட்டு அதனையும் குறிக்கலாம். பதிவேடு கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். பிரயாணச் செலவைப் பழைய மாணவர் ஏற்றல் அரிதன்று. முதலாண்டிற்குரியதை யான் தருகின்றேன்.