ஆமை இருக்குற இடம் யாருக்குத் தெரியும்?

கேரளத்தின் காசர்கோடு பக்கம் சந்திரகிரி ஆறு ஓடுது. அதுல வாழுற ஒரு ஆமையை அந்த ஊர்க்காரங்க பாலப்பூவன்னு சொல்றாங்க. ஆராய்ச்சிக்காரங்க வச்ச பேரு கேன்டர் ராட்சத மென்னோட்டு ஆமை. ஒரு மீட்டர் நீளம், 100 கிலோ வரைக்கும் வளரும். உலகத்துலயே அருகிப்போன ஆமைகள்ல ஒண்ணு.

அவ்வளவு பெரிசு எப்படிக் கண்ணுல படாம இருக்கும்னு கேப்பீங்க. பொழுதன்னிக்கும் ஆத்து மணலுக்குள்ள புதைஞ்சே கிடக்கும்ங்க. மூச்சு வாங்க எப்பவாவது மூக்கை மட்டும் நீட்டும். நாலு நாள் வந்து தேடிட்டுப் போறவங்களுக்கு அது சிக்குமா? தினமும் ஆத்துல இறங்குறவங்களுக்குத்தான் தெரியும்.

ஆயுஷி ஜெயினும் அவரோட குழுவும் அந்த ஆத்தங்கரை மக்கள்கிட்டதான் கேட்டாங்க. அந்தப் பேச்சு வழியாத்தான் பெண் ஆமை அங்கே முட்டையிடுறது பதிவாச்சு. வெள்ளத்துல முங்குன முட்டைகளைக் காப்பாத்தி, பொரிச்ச குஞ்சுகளை ஆத்துலயே விட்டாங்க. 2024இல் ஓரிக்ஸ் ஆய்விதழ்ல இது கட்டுரையா வந்திருக்கு.

இதைப் படிச்சிட்டு, "ஆகா, கிராமத்து அறிவு!"ன்னு மெச்சிட்டுப் போயிடாதீங்க. சொல்றவன் நிலைமையையும் பாருங்க. ஆமை மாட்டினா வலை கிழியும், அன்னிக்குப் பிழைப்பு போகும். வெளியே சொன்னா, "நீதான் புடிச்சியா?"ன்னு விசாரணை வரும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேணும், மறுக்கலை. ஆனா பயந்தவன் வாய் திறக்க மாட்டான். "அப்படி ஒண்ணும் இல்லைங்க"ன்னு முடிச்சுக்குவான். அந்த "இல்லை" ஏட்டுல ஏறிட்டா, ஆத்துல மணல் அள்ளுறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

ஊர்க்காரன் சொல்றதெல்லாம் அப்படியே சரின்னும் நான் சொல்லலை. படத்தைக் காட்டி "இதுதானே?"ன்னு கேட்டா, வந்தவங்க மனசு கோணாம இருக்கத் தலையாட்டுவாங்க. தலை எப்படி இருந்துச்சு, மூக்கு எப்படின்னு அவங்க வாயாலயே சொல்ல விடணும். பாலப்பூவனுக்குத் தலை அகலம், மூக்கு குட்டை. மூணு பேர் தனித்தனியா அதையே சொன்னா, அப்புறம் நம்பி ஆத்துல இறங்கலாம்.

நம்ம காவிரியிலயும் லெய்த் மென்னோட்டு ஆமை இருக்கு. 2022இல் அறிவிச்ச காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அதுக்கும் சேர்த்துத்தான். பரிசல் ஓட்டியே வயசானவங்க அந்தப் பக்கம் இன்னும் இருக்காங்க. அவங்ககிட்ட உட்கார்ந்து கேக்கணும். தானா வந்து தகவல் சொன்னவன் மேல கேஸ் வராதுன்னு உறுதி கொடுக்கணும். வலை கிழிஞ்சா வலைக்காசு, கூடு காவல் காத்தா கூலி கொடுக்கணும். கட்டுரை எழுதுறப்ப அவன் சம்மதிச்சா அவன் பேரையும் போடணும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ஆமையைப் பார்த்தா, இடத்தோட பேரைப் போட்டுப் படத்தை ஃபேஸ்புக்குல ஏத்தாதீங்க. ஆமை திருடுறவனும் அதைப் படிப்பான்.