கடன் கொடுத்தவருக்கும் கடமை உண்டு

ஒருவர் கடன் கொடுக்கிறார். இன்னொருவர் வாங்குகிறார். வட்டியும் முதலும் திரும்பி வந்தால் கணக்கு தீர்ந்தது.

ஆனால், அந்தக் கடன் பணத்தால் மூன்றாவது ஆளின் பிழைப்பு கெட்டுப் போனால்? அவர் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், குஜராத் மாநிலம் முந்த்ரா கடற்கரையில் வாழும் மீனவர்களும் விவசாயிகளும்தான்.

அங்கே சுமார் 4 ஆயிரம் மெகாவாட் அனல் மின்சார நிலையம் கட்டுவதற்கு, 2008-ம் ஆண்டு சர்வதேச நிதிக் கழகம் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. இது உலக பாங்கியைச் சேர்ந்த அமைப்பு. அக்கம்பக்கத்து மக்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் கடன் நிபந்தனைகளில் ஒன்று.

நிலையம் வந்தது. வெந்நீர் கடலில் கலந்து மீன் குறைந்துவிட்டது, உலர்த்திய மீனில் நிலக்கரித் தூசி படிகிறது, நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது என்று மக்கள் குமுறினார்கள்.

2011-ல் கழகத்தின் புகார் அலுவலகத்துக்கு மனு போயிற்று. கழகம் சரிவரக் கவனிக்கவில்லை என்று அந்த அலுவலகமே 2013-ல் அறிக்கை கொடுத்தது. அப்படியும் பரிகாரம் கிடைக்கவில்லை.

மக்கள் தளரவில்லை. 2015-ல் அமெரிக்க கோர்ட்டில் வழக்கு தொடர்ந்தார்கள். 1945-ம் ஆண்டு சட்டப்படி தன் மீது வழக்கே போட முடியாது என்றது கழகம். கீழ்க்கோர்ட்டுகளும் அதை ஒப்புக்கொண்டன.

2019 பிப்ரவரி 27-ந்தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. இத்தகைய அமைப்புகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது என்று 7 நீதிபதிகள் கூறினார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார்.

கதவு திறந்தது. ஆனால் நஷ்டஈடு வரவில்லை. சம்பவம் நடந்தது இந்தியாவில், ஆகவே இங்கே விசாரிக்க இயலாது என்று கீழ்க்கோர்ட்டுகள் வழக்கைத் தள்ளிவிட்டன. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு விளக்கு எரிய, மீனவன் அடுப்பு அணைய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கடன் கொடுக்கும் முன்பே அந்த ஊர் மக்களை, அவர்கள் பேசும் மொழியிலேயே கேட்க வேண்டும். தீங்கு நேர்ந்தால் கொடுக்க, கடன் தொகையிலேயே ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். புகார் அலுவலகத்தின் முடிவுக்குக் கழகம் கட்டுப்பட வேண்டும்.

தவணை ஒன்று தவறினால் உடனே விழித்துக்கொள்கிறவர்கள், ஒரு மீனவனின் வலை வெறுமையாக வரும்போதும் விழித்துக்கொள்ள வேண்டாமா?