சுவரில் ஓதும் ஆலிம்

பிரான்சுடன் உறவுடைய புதுவை இல்லங்கள் சிலவற்றின் கூடத்தில் ஓவியப் பிரதியொன்று தொங்கக் காண்கிறோம். தலைப்பாகை அணிந்த முதிய ஆலிம் ஒருவர், விரித்த கிதாபில் ஆழ்ந்து அமர்ந்திருப்பார். இத்தகைய படங்களுக்குப் பேர்பெற்ற லுத்விக் டாய்ச் (1855–1935) வியன்னாவில் பிறந்து பாரிசில் குடியேறியவர். கெய்ரோ சென்று வாங்கிவந்த பொருள்களையும் புகைப்படங்களையும் துணைக்கொண்டு பாரிசிலிருந்தே தீட்டினார்.

உருவப்படம் கூடுமா என்னும் மஸ்அலாவை இங்கே நாம் எழுப்பவில்லை. அது கிதாபுகளில் விரிவாகவே உண்டு. நம் வழக்கு வேறு. பட்டின் மடிப்பையும் சுவரோட்டின் பூவேலையையும் எண்ணியெண்ணி வரைந்தவர், ஓதலின் உயிரை விட்டுவிட்டார். அல்-அஸ்ஹரிலாகட்டும், நம்மூர் மத்ரஸாவிலாகட்டும், இல்மு தனிமையில் மௌனமாக வளர்ந்ததில்லை. மாணவர் உரக்க வாசிப்பார். உஸ்தாது இடைமறித்துத் திருத்துவார். பக்கத்திலிருப்பவர் ஐயம் கிளப்புவார். அவ்வாறு ஓதிக்காட்டியவருக்கே ஸனது கிட்டிற்று. வாய்மூடிய முதியவரே இஸ்லாமியக் கல்வி என்று ஐரோப்பியர் வாங்கி மகிழ்ந்தது வியப்பன்று. நாமும் அதையே வாங்கி மாட்டுவதுதான் வெட்கம்!

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) 'மகானி'யை அரபுத்தமிழில் இயற்றியது எதற்கு? அரபு மொழி அறியாத ஆணும் பெண்ணும் தம் மொழியிலேயே பிக்ஹு கற்கத்தானே! அவ்வெழுத்தைக் கூட்டி வாசிக்க வல்லார் இன்று எத்தனை இல்லங்களில் உளர்? பாட்டிமார் ஓதிய ஏடுகள் பரணில் செல்லரிக்கின்றன. கண்ணாடி போட்ட படத்துக்கோ வாரந்தோறும் தூசி தட்டுகிறார்கள்.