அந்தமானில் எதைப் பார்ப்பது?

டிசம்பர் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தமானுக்குப் போகிறோம். என்னென்ன பார்க்கலாம், எத்தனை நாள் வேண்டும்?" சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட விமானப் பயணம், மொழிச்சிக்கல் பெரிதாக இல்லை, தமிழ்க்குடும்பங்கள் ஏராளமாகச் செல்கின்றன. ஒருமுறை சென்று வந்தவர் என்ற ஒரே தகுதியில் நாமும் ஆறு நாள் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்து வந்தோம். அதிலிருந்து ஒரு நாளை இப்போது அடித்துவிட்டோம். அது ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராதாநகர் கடற்கரையில் மாலை வேளையில் நிற்பவர்க்கு உரையாசிரியர் எவரும் தேவைப்படமாட்டார். வண்டூரிலிருந்து படகேறிப் பவளப்பாறைகளைக் காணச் செல்லலாம். ஆண்டின் ஒரு பகுதியில் ஜாலிபாய் தீவும் மறுபகுதியில் ரெட்ஸ்கின் தீவும் மாறி மாறித் திறந்திருக்கும். பவளங்களுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா? ஜாலிபாய்க்குப் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுசெல்ல இயலாது. (நம் மெரினாவை நினைத்துப் பெருமூச்சு விட்டோம்.)

செல்லுலார் சிறையைக் காணாமல் திரும்புவோர் இல்லை, இருக்கவும் கூடாது. 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட கட்டடம் அது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கைகளாக விரிந்த அதில் இன்று எஞ்சியவை மூன்று. ஓர் அறையில் கிடப்பவன் எதிர்வரிசையின் முதுகை மட்டுமே காண முடியும். இன்னொரு மனித முகம் கண்ணில் படாதபடி திட்டமிட்டிருக்கிறார்கள். மாலையில் நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சியில் வளாகத்து அரசமரம் கதை சொல்கிறது. நாம் சென்ற அன்று கண் கலங்காதவர் அருகில் எவருமில்லை. அது நம்முடைய துயரம். ஆகவே அதனை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

மறுநாள் எதிரேயுள்ள ராஸ் தீவுக்குச் சென்றோம். சில நிமிடப் படகுப் பயணம்தான். ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிய அத்தீவில் தேவாலயமும் நடனக்கூடமும் ரொட்டி அடுமனையும் ஆலம்வேர்களின் பிடியில் நிற்கின்றன, இடையிடையே புள்ளிமான்கள். வழிகாட்டி அனைத்தையும் காட்டினார். ஒன்றை மட்டும் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. பிற்பாடு நூலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது, 1863-இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் 'அந்தமான் இல்லம்' என்னும் அமைப்பை அத்தீவில்தான் தொடங்கினார் என்று. தீவின் பழங்குடியினரைக் கொண்டுவந்து வைத்து நாகரிகப்படுத்துவது நோக்கம். தட்டம்மையும் மேகநோயும் பரவி அவர்கள் மடிந்தனர். அத்தகைய இல்லங்களில் பிறந்த குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. 1858-இல் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் என மதிப்பிடப்பட்ட கிரேட் அந்தமானியர், 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தொன்பது பேர். விடுமுறையாளர் நீராடி மகிழும் கார்பின்ஸ் கோவ் கடற்கரை அந்தப் பாதிரியாரின் பெயரைத் தாங்கியது.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018-இல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவானது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் மாறின. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. மாற்றியதில் நமக்கு வருத்தமில்லை. நீல் என்பவர் 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய தளபதி. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவரது சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல்தான் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஸ்ரீவிஜயம் என்பதோ ராஜேந்திர சோழன் படையெடுத்துச் சென்ற பேரரசின் பெயர்; அவனது மெய்க்கீர்த்தியில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' என்று குறிக்கப்படுவதை மாணவர்க்குப் பெருமிதத்துடன் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் பழைய பெயர்களிலும் புதிய பெயர்களிலும் அத்தீவுகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தோர் இட்ட பெயர் ஒன்றுகூட இல்லை.

இனி, அடித்துவிட்ட அந்த நாள். பாராடங் தீவின் சுண்ணாம்புக் குகையும் மண் எரிமலையும் காண்பதற்கான ஒருநாள் பயணம் அது. அதற்கான சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. விடியுமுன் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டும். டீக்கடை, வடை, குழந்தைகளின் கூச்சல். குறித்த நேரத்தில் காவல் வண்டியுடன் அணிவகுப்பாகப் புறப்பட வேண்டும், நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. புறப்படும்போது ஓட்டுநர் சொன்னார்: "அதிர்ஷ்டம் இருந்தா பார்க்கலாம் சார்." முதுமலையில் யானையைப் பற்றி இதே சொற்களை, இதே குரலில் கேட்டிருக்கிறோம்.

அப்போது அது உறைக்கவில்லை. குகைக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோமே தவிர, வண்டியிலிருந்த அனைவரும் காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில், பத்து வயதிருக்கும் சிறுவன் ஒருவன் சாலையோரம் நின்றான். முன்சென்ற வண்டி வேகம் குறைந்தது. நம் வண்டியும் குறைந்தது. கைப்பேசிகளை ஓட்டுநர் முன்னரே வாங்கி வைத்திருந்தார். கண்ணுக்கு யார் தடை போடுவது? உடன் வந்த ஆசிரிய நண்பர்களோடு நாமும் கண்ணாடியில் முகம் பதித்தோம். அவன் நம்மைப் பார்த்தான். அவ்வளவுதான், வண்டி கடந்துவிட்டது. "பார்த்தாச்சு" என்று பின்னிருக்கையில் ஒரு குரல். பேரவா நிறைவேறிய குரல். அது நம் குரலாகவும் இருந்திருக்கலாம்.

காப்புக்காட்டினுள் செல்லும் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது. மூடப்படவில்லை. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்செய்த காணொளி 2012 ஜனவரியில் வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2013-இல் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகள் தடுக்கப்பட்டனர். பிறகு தடை நீங்கிற்று. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் வாழ்வோர்க்கு அச்சாலை மருத்துவமனைக்கும் சந்தைக்குமான வழி என்பதை அறிவோம்; அவர்களோடு நமக்கு வழக்கில்லை. குகைக்காகச் செல்லும் நம்மோடுதான் வழக்கு. குகை அழகுதான், அலையாத்திக் காட்டினூடே படகில் செல்வது அதனினும் அழகு. ஆனால் ஆந்திரத்தின் போரா குகையைக் கண்டவர்க்கு இது பெரிதன்று. மண் எரிமலையில் வேலிக்குள் சேறு குமிழியிடுகிறது.

தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் நம்மைத் தைத்த வேறொன்றும் உண்டு. 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தார். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். 2020 ஏப்ரலில் லிச்சோ என்பவர் இறந்தபோது 'சாரே' மொழியும் முடிந்தது. இம்மொழிகளை ஆவணப்படுத்திய அறிஞர் அன்விதா அப்பி, மனித உடலின் பகுதிகளே அவற்றின் இலக்கணத்துக்கு அடிப்படை என்கிறார். உடலை ஏழு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய முன்னொட்டு பெயரிலும் வினையிலும் பண்பிலும் வந்து பொருளைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளில் கண், கால், தலை ஆகியவற்றை வைத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உறுப்பின் பெயர் இடத்தின் பெயராவதைக் கண்டு வியப்பவர், மொழி முழுவதையும் உடலிலிருந்தே கட்டியெழுப்பிய மக்கள் பக்கத்துக் கடலில் இருந்தார்கள் என்பதை அங்கு சென்று திரும்பிய பிறகே அறிந்தோம். கண்ணாடிக்கு அப்பால் நின்ற அச்சிறுவனும் ஏதோ ஒரு மொழியில் நம்மைப் பற்றி வீட்டில் சொல்லியிருப்பான்.

ஆகவே, கேட்பவர்க்கு இப்போது ஐந்து நாள் போதும் என்கிறோம். ஆறாம் நாள் இருந்தே தீரும் என்பவர்கள் சாத்தம் மரஅறுவை ஆலைக்குச் செல்லலாம். 1883 முதல் இயங்குவது, படாக் மரத்தின் செந்நிறத்தை அங்கே அருகில் காணலாம். பின்பு நகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகம். சிறியது, கூட்டமிராது. ஆறு பழங்குடிகளின் கூடைகளும் படகுகளும் அங்கே இருக்கின்றன. பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டவை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். வார விடுமுறை எந்த நாள் என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்; நாம் ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம்.