கொல்வது கிருமியா, லயத்துப் பேச்சா?



வெளிநாடு போக இருந்த ஒரு பெண் மெடிக்கலில் பெயிலாகித் திரும்பினால், அவள் பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே நம் லயத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பீலியடியில் ஒருத்தி "அந்த நோயாம்" என்றால், மறுநாள் பிரட்டுக்களத்தில் பத்துப் பேர் அதையே சொல்கிறார்கள். மத்திய கிழக்கு நாடுகளுக்கான மெடிக்கலில் காசநோய், ஈரலைத் தாக்கும் கிருமிகள், கர்ப்பம் என்று பலதையும் பார்க்கிறார்கள். எதனால் பெயில் என்று நமக்குத் தெரியாது. ஆனாலும் நம் வாயில் வருவது ஒரே நோய்தான்.

அந்த நோயைப் பற்றியாவது சரியாகத் தெரியுமா? எச்.ஐ.வி. என்பது கிருமி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஆண்டுக்கணக்கில் அரித்து, கடைசியில் கொண்டுபோய் விடும் நிலைதான் எயிட்ஸ். கிருமி உள்ளவரெல்லாம் எயிட்ஸ் நோயாளி அல்ல. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்கு என்பவைதான் அது தொற்றும் வழிகள். ஒரே பீலியில் குளித்தாலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலோ, ஒரே கக்கூசைப் பாவித்தாலோ, நுளம்பு கடித்தாலோ தொற்றாது. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் ஒன்றாய் விளையாடினாலும் தொற்றாது.

இதற்கு மருந்து இருக்கிறது. கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் தினமும் தவறாமல் குளிசை எடுத்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அது குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமும் மற்றவருக்குத் தொற்றாது. அந்தக் குளிசையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

மருந்து இருந்தும் ஒருவர் சாகிறார் என்றால் காரணம் என்ன? பரிசோதனைக்குப் போகப் பயம். எவர் கண்ணில் படுமோ, என்ன பேசுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது கிருமி அல்ல, நாம்.

பேச்சு என்ன செய்யும் என்பதை 2016 இல் குளியாப்பிட்டியில் நாடே பார்த்தது. ஒரு சின்னப் பையனின் தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியை நம்பி, அவனைப் பாடசாலையில் சேர்க்கக் கூடாதென்று பெற்றோர் எதிர்த்தார்கள், தங்கள் பிள்ளைகளையும் நிறுத்தினார்கள். அந்தப் பையனுக்கு எச்.ஐ.வி. இருக்கவே இல்லை. இருந்திருந்தாலும் அவனுக்குப் படிக்க உரிமை உண்டு. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டென்று அந்த வழக்கில் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. படிப்பிக்கிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: நாளைக்கு நம் தோட்டப் பாடசாலையில் இது நடந்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

"ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருவது" என்கிறார்கள் சிலர். கொழும்பில் வேலை செய்யும் புருஷனிடமிருந்து வீட்டிலிருக்கும் மனைவிக்குத் தொற்றினால் அவள் செய்த குற்றம் என்ன? வேலைக்குப் போன வீட்டில் வன்கொடுமைக்கு ஆளானவள் செய்த குற்றம் என்ன? வளைகுடா நாடுகளில் கிருமி தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே விரட்டப்பட்டு வருகிறவளை இங்கே நாமும் விரட்டுவதா?

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், இது எதற்கு?" என்றும் கேட்பார்கள். இதுவும் சம்பளப் பேச்சுதான். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி என்று டவுனில் இருக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். பரிசோதனை இலவசம், இரகசியம். பஸ் காசும் போன பேரும் யார் தலையில்? தொழிலாளியை எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, கிருமி இருப்பதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, விபரத்தை வெளியிடக் கூடாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2010 இலேயே தன் 200 ஆம் இலக்கப் பரிந்துரையில் சொல்லிவிட்டது.

ஆகவே நிர்வாகங்களிடம் கேட்போம்: கிளினிக் போகும் நாளுக்குப் பேர் போடு. துண்டில் நோயின் பெயரைக் கேட்காதே. எவருடைய இரத்தப் பரிசோதனை முடிவும் ஆபீஸ் மேசைக்கு வரக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் கேட்போம்: ஒவ்வொரு டிவிசனுக்கும் வந்து தமிழில் விளக்கம் கொடுங்கள்.

நம்மிடமும் ஒன்று கேட்கிறேன். டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினத்துக்குப் பதாகை கட்டினால் மட்டும் போதாது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் முதலில் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து, "நாங்கள் பார்த்தாச்சு, நீங்களும் போங்கள்" என்று பிரட்டுக்களத்தில் சொல்லட்டும். தலைவர் போன வழியில் தொழிலாளி போக வெட்கப்பட மாட்டார்.